கொஞ்சம் சூடு வரும், பயப்படாதீங்க

யாராவது சுடச்சுடக் காபி டம்ளரை நீட்டினால் நான் உடனே வாங்குவதில்லை. மேஜைமேல் வைக்கச் சொல்வேன். என் வீட்டுக்காரி இதைப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆனதும் சாருக்கு சோக்கு வந்துட்ச்சி" என்று கிண்டல் செய்கிறாள். சோக்கு இல்லை, பயம். அது எங்கிருந்து வந்தது என்று அவளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஏனென்றால் நான் விட்டுவந்த மேஜையில் இப்போது நீங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என் பெயர் சூசை. கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஊர். அடிவாரத்து மருத்துவமனையில் கருவிகளைப் பழுது பார்த்தே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகுவது என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது, நீங்கள் என்னைவிட நன்றாகவே படிப்பீர்கள். நெஞ்சு படபடக்கும்போது என்ன முடிவு எடுப்பது என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கடைசி இரண்டு வருடம் எனக்கு மலை வேலை. ஜவ்வாது மலையில் இதயத் துடிப்பு சரியில்லாதவர்களுக்கு மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தோம். அதில் நேரம் தெரியாது, ஆனாலும் மலையில் எல்லாரும் அதை வாட்ச் என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். துடிப்பு ஓர் அளவுக்குக் கீழே போனால், வீட்டு உத்தரத்தில் மாட்டிய சின்னப் பெட்டி வழியாக ஜமுனாமரத்தூரில் இருக்கும் எங்கள் கிளினிக்கின் திரையில் மணி அடிக்கும். நர்ஸ் செல்வி சிஸ்டர் வண்டி அனுப்புவார்.

வாட்ச் நல்ல வாட்ச்தான். சார்ஜ்தான் வில்லங்கம். இரண்டு நாளுக்கு ஒருமுறை கழற்றி ஒயரில் மாட்ட வேண்டும். கழற்றுவார்கள், மாட்டுவார்கள், மறுபடி கட்ட மறந்துவிடுவார்கள். ஒரு பெரியவர் வாட்சை டிவி மேல் சார்ஜில் போட்டுவிட்டுச் சாமைக் கொல்லைக்குப் போனார். அங்கேயே மயங்கி விழுந்தார். ஆட்கள் பார்த்துத் தூக்கி வரும்போது மண்டையில் நாலு தையல் போடும் அளவுக்குக் காயம். வாட்ச் டிவி மேல் முழு சார்ஜோடு பத்திரமாக இருந்தது.

அதனால்தான் ஒயர் இல்லாத சார்ஜுக்குப் போனோம். வாட்சைக் கழற்றவே வேண்டாம், ஆள் தன் அன்றாட வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அது சார்ஜ் ஏறிக்கொள்ள வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் வாட்ச், சார்ஜ் கொடுக்கும் கம்பிச் சுருளான காயிலுக்கு ஒட்டினாற்போல் ஒரு மணி நேரமாவது அசையாமல் இருந்தால்தான் சார்ஜ் ஏறும். மலையில் யாருடைய கை ஒரு மணி நேரம் சும்மா இருக்கிறது? வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கைகளைப் பார்த்தேன். ஒரு தையல்காரருக்கு மிஷின் மேஜையின் இடது ஓரம். ஒரு வாத்தியாருக்கு நாற்காலியின் கைப்பிடி. இப்படி ஒன்பது பேருக்கு ஒன்பது இடம் கண்டுபிடித்து, காயில் பொருத்திய ஒன்பது பலகை செய்தேன். என் வேலை வாழ்க்கையிலேயே நான் அதிகம் பெருமைப்பட்டது அதற்குத்தான். பெருமையும் இந்தக் கதையில் ஒரு குற்றவாளி, அதனால் சொல்லிவைக்கிறேன்.

ஒன்பதாவது பலகை வெள்ளச்சியம்மாவுக்கு. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் மலைக்குள் ஒரு சின்ன ஊர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். படபடவென்று துடிக்கும் இதயத்தை அடக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை சிலருக்கு அளவுக்கு மேல் அடக்கிவிடும், அதைக் கவனிக்கத்தான் வாட்ச். மாசி பங்குனியில் அவர் நாள் முழுக்கப் புளி தட்டுவார். முன்னால் ஒரு கல், கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை. இடது மணிக்கட்டு பலகையில் ஊன்றியிருக்கும், விரல்கள் கல்மேல் பழத்தைப் பிடித்திருக்கும், வலது கை கட்டையால் தட்டும், கொட்டை தெறிக்கும். அந்தப் பலகையை அடியில் குடைந்து காயிலை வைத்தேன். மணிக்கட்டு விழும் இடத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டேன். ஓரத்தில் ஒரு விளக்கு, சார்ஜ் போகும்போது பச்சையாக எரியும்.

பொருத்திக் கொடுத்த அன்று வெள்ளச்சியம்மா கையை வைக்கவே தயங்கினார்.

"ஷாக்கு அடிக்குமா சாரு?"

"அடிக்காதும்மா. கொஞ்சம் சூடு வரும், பயப்படாதீங்க."

"சூடுன்னா?"

"வெதவெதன்னு இருக்கும். அப்டின்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம். கையை எடுத்துடாதீங்க."

மருமகள் பூங்கொடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரியட்டும் என்று நான் வசனம் பேசினேன்: "இந்த வட்டத்துலதான் உங்க அத்தையோட உயிருக்குக் காவலே இருக்குது." அவள் அந்த வட்டத்தை உற்றுப் பார்த்துத் தலையாட்டினாள். அத்தையிடம் ஒன்று, மருமகளிடம் ஒன்று என்று நான் பேசிய அந்த இரண்டு வாக்கியத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் திருட்டுத்தனத்துக்கு வருகிறேன். அந்தப் பலகைகளுக்கு ஒரு கட்-ஆஃப் உண்டு. வாட்சைத் தவிர வேறு உலோகம் காயிலுக்குப் பக்கத்தில் வந்தால் பலகை தானாக நின்றுவிடும். ஏனென்றால் காயிலிலிருந்து போகும் சக்தி அந்த உலோகத்தில் இறங்கி அதைச் சுட வைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் மலையில் எந்தப் பெண் கையில் வளையல் இல்லை? வெள்ளிக் காப்பு, பித்தளை வளையல் என்று ஏதாவது இருக்கும். பலகை நிமிடத்துக்கு நிமிடம் நின்றது. வளையலைக் கழற்றச் சொன்னால், "தாலி கட்னவ வெறுங்கையா குந்துவாளா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாட்சுகள் ஒவ்வொன்றாகச் சார்ஜ் இல்லாமல் செத்தன. எங்கள் டாக்டரம்மா கேட்டார், வாட்சும் காயிலும் கொடுத்த கம்பெனிக்காரர் கேட்டார், எல்லாருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒருநாள் லேப்டாப்பை மாட்டி, ஒன்பது பலகையிலும் கட்-ஆஃபைத் தளர்த்திவிட்டேன். செய்யக் கூடாது என்று கம்பெனி புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முதலில் ஒரு வெள்ளிக் காப்பைக் கையில் போட்டு அரை மணி நேரம் சோதித்தேன். வெதுவெதுப்புதான், அதற்கு மேல் இல்லை. போதும் என்று முடிவு கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் டாக்டரம்மா, "சூசை, இப்பத்தான் எல்லா வாட்சும் ஒழுங்கா ஓடுது" என்று பாராட்டினார். வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டேன்.

பங்குனி தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை செல்வி சிஸ்டர் போன் செய்தார். வெள்ளச்சியம்மாவின் வாட்சில் சார்ஜ் மூன்று நாளாக இறங்கிக்கொண்டே வருகிறதாம். பலகை ஓடுகிறதா என்று கேட்டேன். "அதான் சார் புரியல. பலகை அஞ்சு மணி நேரம் குடுத்தேன்னு காட்டுது. வாட்ச் ஒண்ணும் வாங்கலன்னு காட்டுது" என்றார். வாட்சின் பேட்டரி பழசாகியிருக்கும், நாளை வேறு வாட்ச் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். குரலில் அவ்வளவு நிதானம். அந்த நிதானத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

மறுநாள் காலை பஸ் ஏறுவதற்குள் மறுபடி போன். வாட்ச் அணைந்துவிட்டது. அணைவதற்கு முன் கடைசியாக வந்த துடிப்பு நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு, ரொம்பக் குறைவு. அதோடு திரையில் ஒன்றுமில்லை.

"பூங்கொடிக்குப் போட்டீங்களா?"

"சுவிட்ச் ஆஃப்னு வருது சார். ஊர்ல வேற யாரும் எடுக்கல. கிளினிக் வண்டி காவலூர் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கு. நீங்க வர்றீங்கல்ல?"

"வந்துட்டே இருக்கேன் சிஸ்டர்."

மலைப் பாதையில் பஸ் ஏற ஆரம்பித்ததும் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, சிக்னல் சுத்தமாகப் போய்விட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். பலகை கொடுக்கிறது. வாட்ச் வாங்கவில்லை. அப்படியானால் நடுவில் யார் வாங்குகிறார்கள்? கொடுத்தது எங்கேயாவது போயாக வேண்டும். காற்றில் கரையாது. ஏதோ ஓர் உலோகம் வாங்குகிறது, வாங்கிச் சூடாகிறது. சூடாகும் முன்பே நின்றிருக்க வேண்டிய பலகையை நிற்காதபடி செய்து வைத்தவன் இந்த பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறான்.

புளி நார் காய்ந்து வைக்கோல் மாதிரி இருக்கும். அதைக் குவித்து வைத்திருப்பார்கள், பக்கத்தில் கோணிகள், மேலே கூரை. நடுவில் துடிப்பு தாழ்ந்துபோன ஒரு பெண், கையை எடுக்காதே என்று நான் சொன்ன இடத்தில் கையை வைத்துக்கொண்டு. இவர் ஒருவர் மட்டுமா? இன்னும் எட்டு வீட்டில் அதே பலகை, அதே தளர்த்திய கட்-ஆஃப். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம், சட்டைப் பையில் ஜெபமாலை இருந்தது. கையில் எடுத்தேன். ஒரு மணிகூட நகரவில்லை. வாய் அருள்நிறை மரியே என்று தொடங்கியது, மனம் வெள்ளச்சி வெள்ளச்சி என்றே ஓடியது.

எழுந்து கண்டக்டரிடம் போனேன். "எங்கியாவது சிக்னல் வருமாங்க? ஒரு உயிர் விஷயம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மேல பெரிய வளைவு வருது பாருங்க, அந்தச் சுவத்துக்கிட்ட நின்னா ரெண்டு கோடு வரும். ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்றேன், அதுக்கு மேல முடியாது."

பஸ் நின்றது. தடுப்புச் சுவரில் ஏறி நின்று போனை உயர்த்தினேன். பின்னால் பஸ் முழுக்கத் தலைகள். செல்வி சிஸ்டருக்குப் போட்டேன், எடுத்தார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த விநாடியில் எனக்கு இரண்டு வழி தெரிந்தது. வெள்ளச்சியம்மா பலகையை மட்டும் பிடுங்கச் சொல்லலாம், ஏதோ கோளாறு என்று முடித்துவிடலாம், மற்ற எட்டையும் அடுத்த வாரம் நானே போய்ச் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. நான் அப்படித்தான் செய்ய நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"சிஸ்டர், வெள்ளச்சியம்மா பலகையை…" என்று ஆரம்பித்தேன். பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை அழுதது. "இல்ல சிஸ்டர். ஒன்பது பலகையும். ஒன்பது வூட்டுக்கும் போன் போட்டு இப்பவே பிளக்கைப் புடுங்கச் சொல்லுங்க."

"ஒன்பதுமா? புடுங்கினா நாளன்னிக்கு எல்லா வாட்சும் நின்னுடும் சார். ஒன்பது பேரும் காவல் இல்லாம இருப்பாங்களே?"

அந்தக் கேள்வி நியாயமானது. இரண்டு பக்கமும் பயம். ஆனால் நின்றுபோன வாட்சை நம்மால் பார்க்க முடியும், ஆள் அனுப்ப முடியும். எரிகிற பலகை எதுவும் காட்டாது, பச்சை விளக்கைத்தான் காட்டும்.

"பழைய ஒயர்லயே மாட்டட்டும். மாட்டியிருக்கிற ஒரு மணி நேரமும் பக்கத்துல யாராவது ஒருத்தர் உக்காந்து அவங்களப் பாத்துக்கணும்னு சொல்லுங்க. பலகையில கை வைக்கவே கூடாது."

"ஏன் சார்? இன்னா ஆச்சு?"

"கட்-ஆஃபை நான் தளர்த்தி வெச்சிருந்தேன் சிஸ்டர். ஒன்பதுலயும். யாருக்கும் சொல்லல."

கோடு போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. "சரி" என்றார். "பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், வாங்க." ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினேன்.

ஜமுனாமரத்தூரில் அவர் ஸ்கூட்டரோடு நின்றார். கிளினிக்கில் இருந்த பெண் மற்ற வீடுகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதுதான் அந்த வழியில் அவர் பேசிய கடைசிப் பேச்சு. நான் பின்னால் உட்கார்ந்தேன், பையை மடியில் அணைத்துக்கொண்டேன். செல்வி சிஸ்டர் சாதாரணமாக வாய் மூடாமல் பேசுகிறவர், குழி வந்தால்கூட ரோட்டுக்காரரைத் திட்டுவார். அன்றைக்குக் குழி வந்தது, பாறை வந்தது, ஒரு மாடு குறுக்கே வந்தது, ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு டொக் டொக் என்று புளி தட்டும் சத்தம். வெள்ளச்சியம்மாவின் வீடு கடைசி வீடு. கிட்டப் போகப் போக மற்ற சத்தங்கள் பின்னால் தங்கிவிட்டன. அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஸ்கூட்டரிலிருந்து இறங்கினோம். சிஸ்டர் ஓடினார். நான் நடந்தேன். முதலில் போய்ப் பார்க்கிற ஆளாக நான் இருக்கக் கூடாது என்று நடந்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே கருகல் வாடை, அதிகமில்லை, துணியை இஸ்திரி போடும்போது கொஞ்சம் கூடிப்போனால் வருமே, அந்த வாடை. வெள்ளச்சியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. கட்டை மடியில் கிடந்தது. இடது கை பலகையின் மேல், வட்டத்தின் மேல், நான் வைக்கச் சொன்ன அதே இடத்தில். ஓரத்தில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

நான் பிளக்கைப் பிடுங்கினேன், ஒயரே கையோடு வந்துவிட்டது. சிஸ்டர் அந்தக் கையைத் தூக்கி நாடி பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்து எண்ணியது. அந்த அரை நிமிடத்தில் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

"இருக்கு சார்" என்றார். "ரொம்ப மெதுவா இருக்கு. இருக்கு."

வெள்ளச்சியம்மாவைப் படுக்க வைத்து, காலடியில் கோணியை வைத்து உயர்த்தினோம். சிஸ்டர் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது நான் பலகையைப் பார்த்தேன். வட்டத்தின் மேல் பழைய புடவைத் துணியை மடித்து மெத்தைபோல் கட்டியிருந்தார்கள். நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு தீய்ந்த வட்டம். துணியைப் பிரித்தேன். உள்ளே மஞ்சள் துணியில் முடிந்த ஒற்றை ரூபாய்க் காசு. நோய் தீர வேண்டிக்கொண்டு சாமிக்கு முடிந்து வைக்கிற காசு. சாமி மாடத்தில் இருக்க வேண்டியது. மஞ்சள் துணி கறுத்துப் பொடிந்து கையில் உதிர்ந்தது. காசைத் தொட்டேன், தொட்ட வேகத்தில் விட்டுவிட்டேன்.

வெள்ளச்சியம்மாவின் மணிக்கட்டில், வாட்சுக்குப் பக்கத்தில், காசு அளவுக்குத் தோல் வெந்து கொப்புளம் கட்டியிருந்தது. ஒரே நாளில் வந்த புண் இல்லை. கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா சாரு, இம்மாந்தூரம்?"

"கை இப்டி வெந்துகீதே, ஏம்மா எடுக்கல?"

"நீங்கதான சொன்னீங்கோ. சூடு வரும், பயப்படாத, கையை எடுக்காதன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுவுமில்லாம முடிஞ்சு வெச்ச காசு சுட்டுச்சி சாரு. சாமி ஏத்துக்கிச்சின்னு நெனச்சிக்கினேன். பச்ச லைட்டு வேற எரிஞ்சிக்கினே இருந்திச்சி."

மிஷின், சாமி, நான், மூன்றையும் நம்பி அந்தக் கை நான்கு நாள் அங்கேயே இருந்திருக்கிறது.

பிரசவத்திலிருந்து திரும்பிய கிளினிக் வண்டி வந்து நின்றபோதுதான் பூங்கொடி வந்தாள். ரேஷனுக்குப் போயிருந்தாள், போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. தலைமேல் அரிசிப் பை. சிஸ்டரையும் என்னையும் பலகைமேல் பிரிந்து கிடந்த துணியையும் பார்த்தாள், பையைக் கீழே போட்டாள். என் கையில் இருந்த கறுத்த காசைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாதிதான் புரிந்தது என்று சொல்ல வேண்டும்.

"நான்தான் வெச்சேன் சார். நீங்க சொன்னீங்களே, அந்த வட்டத்துலதான் அத்தை உயிருக்குக் காவல்னு. அங்க வெச்சா நல்லதுன்னு…" அழுதாள். "என் கையாலயே அத்தைய கொன்னுருப்பேனா சார்?"

என் இரண்டாவது சோதனை அதுதான். முதல் சோதனையாவது பஸ் நின்ற வளைவில், யாரென்று தெரியாதவர்கள் முன்னால். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும், பழி அந்தக் காசின் மேலேயே தங்கிவிடும். அந்த வாரமே கம்பெனிக்காரர் வந்து அப்படித்தான் எழுதச் சொன்னார்: நோயாளியின் குடும்பத்தார் காயில் மேல் உலோகம் வைத்ததால் நேர்ந்த கோளாறு. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. உண்மையான வார்த்தைகளை மட்டும் வைத்து எவ்வளவு பெரிய பொய்யைக் கட்டலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பூங்கொடியிடம் சொன்னேன்: "நீ காசு வெச்சது தப்பே இல்லம்மா. காசு வெச்சா அந்தப் பலகை தானா நின்னிருக்கணும். நிக்க வுடாம பண்ணது நான்." அவள் நம்பவில்லை. படித்த ஆள் தனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. வண்டியில் அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், மலை இறங்கும்வரை அழுகையை நிறுத்தவில்லை. நானும் அதே வார்த்தைகளை மூன்று முறை சொன்னேன். டாக்டரம்மாவிடம் நான்காவது முறை. எழுத்தில் ஐந்தாவது முறை. அதற்குப் பிறகு என்னை ஆறு மாதம் மலை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அது சரியான முடிவு. மற்ற எட்டு பலகைகளில், தையல்காரர் மேஜையில் இருந்த ஒன்றின் மேல் நூல் சுற்றும் பாபின் வைக்கிற தகர டப்பா இருந்ததாம், தொட முடியாத சூட்டில். பிளக் பிடுங்கியபோதுதான் பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளச்சியம்மாவுக்கு மாத்திரை அளவைக் குறைத்தார்கள், பத்து நாளில் வீடு திரும்பினார். மறு வருடம் புளி விழும்போதுதான் பலகைகளை மறுபடி மலைக்கு ஏற்ற அனுமதி கிடைத்தது. கட்-ஆஃப் கம்பெனி வைத்த அளவிலேயே இருந்தது. வளையலுக்கு ஒரே வழி, வாட்சை வலது கைக்கு மாற்றுவதோ இடத்தை மாற்றுவதோ இல்லை, வளையலை முழங்கைப் பக்கமாக ஏற்றி ஒரு துணியால் கட்டிக்கொள்வது. அந்த யோசனையைச் சொன்னது பூங்கொடி. நான் மூன்று மாதம் லேப்டாப்பில் தேடிய வழியை அவள் ஒரு முழத் துணியில் முடித்தாள். கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பாள், நான்தான் கேட்கவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் பொருத்திய கடைசிப் பலகை அவர்கள் வீட்டில்தான். வெள்ளச்சியம்மா எதிரே உட்கார்ந்து பார்த்தார். மணிக்கட்டில் காசு அளவுக்கு வெளுத்த தழும்பு. பிளக்கைப் போட்டேன், பச்சை எரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து வட்டத்தின் மேல் வைத்தேன். பச்சை அணைந்தது. காசை எடுத்தேன், எரிந்தது. வைத்தேன், அணைந்தது.

வெள்ளச்சியம்மா சிரித்தார். "இப்ப இதுக்குப் பயம் வந்துட்ச்சி சாரு. முன்னாடி இருந்ததுக்குப் பயமே இல்ல."

அதற்குப் பயம் இருந்தது. நான்தான் எடுத்திருந்தேன். அவருக்கும் பயம் இருந்தது, அதையும் நான்தான் ஒரே வாக்கியத்தில் எடுத்திருந்தேன்.

அந்த ஒரு ரூபாய் உங்கள் மேஜையின் முதல் டிராயரில், வலது மூலையில் இருக்கிறது. டீ குடிக்க எடுத்துவிடாதீர்கள். எந்தப் பலகையையும் மலைக்கு ஏற்றும் முன் அதை வட்டத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கு அணையாவிட்டால் பலகை கீழேயே இருக்கட்டும், டாக்டர் கத்தினாலும் சரி, கம்பெனி கத்தினாலும் சரி.

அன்றைக்கு வெள்ளச்சியம்மா உடனே கையை வைக்கவில்லை. முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், எடுத்துக்கொண்டார், என் முகத்தைப் பார்த்தார்.

"சூடு வருமா சாரு?"

"வரும்மா. கொஞ்சம் கூடுதலா தெரிஞ்சாலும் பயப்படுங்க. கையை எடுத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

அவர் தலையாட்டிவிட்டு, தழும்பு இருந்த கையை மெதுவாக வட்டத்தின் மேல் வைத்தார். வைத்த பிறகும் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.